அப்பாவின் புல்லட்டும் மூன்றாவது மட்கார்டும்

போன வாரம் அக்கா பையன் போர்ட் பிளேரிலிருந்து ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். (2024 செப்டம்பரில் ஊர்ப் பெயர் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. எனக்கு இன்னும் வாயில் வரவில்லை.) அப்பாவின் புல்லட். பின் மட்கார்டில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை.

"மாமா, மிஸ்திரி வெட்டிடலாம்னு சொல்றார். சாரி கார்டையும் கழட்டிட்டா ஒரிஜினல் பிரிட்டிஷ் லுக் வந்துடும். பாபர் ஸ்டைல். காசு மட்டும் அனுப்புங்க."

நான் இருப்பது டொராண்டோ. இங்கே குளிர்காலத்தில் பனி உருக ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள், கார்களின் அடிப்பாகம் அரித்துப் போகும். அங்கே கடலே உப்பைக் காற்றில் அனுப்புகிறது. பூமியின் இரண்டு மூலையிலும் எனக்கு எதிரி ஒன்றுதான் :-)

காசு அனுப்பும் முன் பையனுக்குக் கொஞ்சம் சரித்திரம் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். நீளமாகிவிட்டது, இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் இந்த 'பாபர்' கதை. 1930, 40களில் அமெரிக்கப் பையன்கள் ஆரம்பித்தது. அங்கே வண்டிகள் கனம், மட்கார்டுகள் அதைவிடக் கனம். 'இண்டியன் சீஃப்' என்ற வண்டிக்கு 1940ல் சக்கரத்தைப் பாவாடை மாதிரி மூடும் மட்கார்டு வந்தது. பார்க்க அழகு, வேகத்துக்கு ஆகாது. அதனால் முன் மட்கார்டைக் கழற்றிப் போடுவது, பின்னதைப் பாதியாக வெட்டுவது என்று தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்கு ஹார்லி கம்பெனி செய்த டபிள்யூஎல்ஏ வண்டியிலும் மட்கார்டின் பக்கத் தகடுகள் கிடையாது. சேறு அடைத்துச் சக்கரம் சிக்கக் கூடாது என்பதற்காக. போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்கள் இந்த வெட்டும் பழக்கத்தை இன்னும் பரப்பினார்கள். கவனிக்க வேண்டியது ஒன்று: அந்த வண்டிகள் பெரும்பாலும் ஒற்றை ஆள் சீட். பின்னால் யாரும் உட்கார வேண்டியதில்லை.

நம் புல்லட்டின் கதை வேறு. 350 சிசி புல்லட் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் 1949ல் விற்பனைக்கு வந்தது. 1950களின் தொடக்கத்தில் நம் ராணுவம் எல்லைக் காவலுக்கு 800 வண்டிகள் கேட்டது. அதைத் தொடர்ந்து 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள், பிறகு திருவொற்றியூரிலேயே எல்லாம் செய்தார்கள். 1970 வாக்கில் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றே போனது. 1977ல் நம் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது.

படம் வரைந்தவன் வெள்ளைக்காரன். ஆனால் அந்தப் படத்தில் இல்லாத ஒரு பாகம் நம் ஊரில் சேர்ந்தது. பின் சக்கரத்தின் இடது பக்கம் இருக்கும் அந்தக் கம்பி வலை. சாரி கார்டு. நம் பெண்கள் புடவையோடு இடது பக்கம் கால் போட்டு ஒருக்களித்து உட்காருவார்கள், முந்தானை சக்கரத்தில் சிக்கும் என்று யோசித்து வைத்தது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் இது சட்டமாகவே இருக்கிறது. பின்னால் இருப்பவரின் உடை சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டுக் கதை.

அப்பா 1978 மாடல் புல்லட்டை 1984ல் மெட்ராஸில் செகண்ட் ஹேண்டாக வாங்கிக் கப்பலில் ஏற்றினார். மூன்று நாள் கழித்து ஹட்டோ ஜெட்டியில் இறங்கியது. எங்கள் தெருவே வந்து பார்த்தது.

எங்கள் ஊரில் வருடத்துக்கு 3,000 மி.மீ. அளவுக்கு மழை. மட்கார்டு துரு பிடிப்பது வெளியிலிருந்து அல்ல, உள்ளிருந்து. டயர் வாரி அடிக்கும் சேறு உள்பக்கம் ஒட்டிக்கொண்டு உப்பையும் ஈரத்தையும் விடாமல் பிடித்து வைக்கும். மேலே பெயிண்ட் பளபளக்கும். ஒரு நாள் குமிழ் விடும், விரலால் அழுத்தினால் உள்ளே போகும். தண்ணீர் விட்டுக் கழுவலாமே என்பீர்கள். கோடையில் குழாய்த் தண்ணீரே நாள் விட்டு நாள்தான் வரும், புல்லட்டுக்கு எங்கே போவது?

1992ல் பின் மட்கார்டு இற்றுவிட்டது. தெருக்கோடி ஒர்க்‌ஷாப்பில் அழுகிய நுனியை வெட்டி எடுத்தார்கள். சாரி கார்டைப் பிடிக்க இடமில்லை என்று அதையும் கழற்றி வைத்தார்கள். "புதுசு வரும் வரை ஓட்டுங்க சார்." அப்பாவும் சரி என்றார்.

இரண்டாவது வாரம் அம்மாவை ஏற்றிக்கொண்டு மார்க்கெட் போய்த் திரும்பும்போது முந்தானை சக்கரத்தில் சுற்றியது. மேட்டில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்ததால் உயிர் பிழைத்தது. இடது மணிக்கட்டு உடைந்தது. அம்மா இன்றைக்கும் அந்தக் கையால் குடத்தைத் தூக்க மாட்டார்.

அப்பா யாரையும் திட்டவில்லை. மெட்ராஸ் போன பக்கத்து வீட்டுக்காரரிடம் பணம் கொடுத்து, புதுப்பேட்டையில் முன்னும் பின்னும் ஒரு செட் மட்கார்டு வாங்கி வரச் சொன்னார். சாக்கு சுற்றிக் கப்பலில் வந்தது. வேறு வருட மாடல் போலிருக்கிறது, போல்ட் ஓட்டைகள் சேரவில்லை. அப்பாவும் நானும் ஒரு ஞாயிறு முழுக்க அரம் போட்டு ஓட்டையை இழுத்தோம். உள்பக்கம் ரெட் ஆக்சைடு இரண்டு கோட், அதற்கு மேல் தார். அதுவும் 2000களில் போய், இப்போது ஓட்டை விழுந்திருப்பது மூன்றாவது செட். பையன் 'தாத்தாவோட ஒரிஜினல்' என்று நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான்.

அதனால் மாற்றுவதில் எனக்கு வருத்தமே இல்லை. தீவில் மட்கார்டு என்பது டயர் மாதிரி, தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான். வெட்டுவதில்தான் வருத்தம். 'பிரிட்டிஷ் லுக்' என்று அவன் கழற்றச் சொல்வது, அந்த வண்டியில் நம் அம்மாக்களுக்காக நாம் சேர்த்த ஒரே பாகம்.

போனில் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"பாட்டி கை இதனாலயா மாமா? யாரும் சொல்லவே இல்லையே."

"தாத்தா சொல்ல விடலடா."

நாலாவது செட்டுக்குப் பணம் அனுப்பிவிட்டேன். பூட்டும்போது இரண்டு விஷயம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பின்னால் ஆளை உட்கார வைத்துக் குலுக்கினாலும் டயர் மட்கார்டில் உரசக் கூடாது. முன் மட்கார்டின் தாங்கு கம்பி போல்டுகளில் ஒன்றுகூட லூசாக இருக்கக் கூடாது, கழன்று டயரில் மாட்டினால் சக்கரம் அப்படியே நின்றுவிடும். உள்பக்கம் தார் அடிக்க மறக்க வேண்டாம்.

சாரி கார்டு பழசுதான், நன்றாகவே இருக்கிறது. அதைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்துத் திரும்ப மாட்டுகிறானாம்.

"பாட்டி இப்ப பைக்ல ஏறவே மாட்டாங்களே மாமா" என்றான் கடைசியாக.

துப்பட்டா போட்டுக்கொண்டு யாராவது ஏறுவாங்கடா என்றேன். வெட்கப்பட்டு போனை வைத்துவிட்டான்.