சேஷாத்திரி சாலைச் சிறைச்சாலை

பெங்களூரில் சேஷாத்திரி சாலையருகே இன்று சுதந்திரப் பூங்கா என்ற பெயருடன் விளங்கும் நிலப்பரப்பு, பல தலைமுறைகளாக மத்திய சிறைச்சாலையாக இருந்தது என்பதை, மாலையில் அங்கே உலாவ வருகிறவர்கள் எஞ்சி நிற்கும் காவற்கோபுரத்தைக் கண்டே உணர்கிறார்கள். ஜார்ஜ் ஆர்வெல் 1949-ல் தமது நாவலில் கற்பனையாகத் தீட்டிய சர்வாதிகார உலகத்தின் சாயை, 1975 ஜூன் 25-ஆம் தேதி நெருக்கடி நிலை பிரகடனமானபோது நம் தேசத்தின்மீதும் படிந்தது; மறுநாளே, பெங்களூர் வந்திருந்த வாஜ்பாயும் அத்வானியும் கைதாகி இச்சிறையில் அடைபட்டனர்.

ஆயினும், அச்சிறையை நினைக்குந்தோறும் என் நெஞ்சில் முதலில் எழும் உருவம் ஸ்நேகலதா ரெட்டியுடையதே. தணிக்கையாளரால் முதலில் தடுக்கப்பட்டு, பின்னர் தேசிய விருதில் சிறந்த படமென்று தேர்வுபெற்ற ‘சம்ஸ்காரா’வில் சந்திரியாக நடித்த அந்த அம்மையார், சோஷலிஸ்ட் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸின் சிநேகிதராகவும், அடக்குமுறையை மனச்சாட்சிப்படி எதிர்த்தவராகவும் இருந்த காரணத்தால் 1976 மே மாதம் பிடிபட்டார். பெர்னாண்டஸ் மீது தொடரப்பட்ட பரோடா வெடிமருந்து வழக்கோடு அந்த அம்மையாரைப் பிணைத்துப் பேசினார்களே அன்றி, இறுதிக் குற்றப்பத்திரிகையில் அவர் பெயர் இல்லை. விசாரணையின்றியே எட்டு மாதம் அடைபட்டுக் கிடந்தார். ஆஸ்துமாவால் மூச்சுத் திணறிய இரவுகளிலும், தம் துன்பத்தை மட்டுமே எண்ணிச் சோராமல், சக பெண் கைதிகளை அடிப்பதை நிறுத்தவும் அவர்களுக்கு நல்ல உணவு கிடைக்கவும் அதிகாரிகளிடம் வாதாடினார், நாட்குறிப்பும் எழுதினார். எவ்வளவு பெரிய ஹிருதயம்!

1977 ஜனவரி 15-ல் பரோலில் வெளிவந்தவர், 20-ஆம் தேதி காலமானார். பொதுத்தேர்தல் அறிவிக்கப்பட்டு இரண்டே நாள் கழிந்திருந்தது.