ஐந்து துளைச் சாக்கெட்டின் கதை

என் தம்பி காலமாகி மூன்று வருடம் ஆகிறது. கல்யாணக் கச்சேரிகளில் அவன் வாசித்த கீபோர்டு குருபரப்பள்ளி வீட்டுப் பரணில் கிடந்தது. கட்டைகள் எல்லாம் நன்றாக இருந்தன; சத்தம் மட்டும் வரவில்லை. "பழைய இரும்புக்குப் போட்டுடுங்க தாத்தா" என்றான் பேரன். எனக்கு மனசு வரவில்லை. கம்ப்யூட்டரோடு இணைத்தால் வாசிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். ஒரு கடையில் விலை உயர்ந்த சவுண்டு கார்டு வாங்கி வந்தேன். பாட்டு அதில் அருமையாகக் கேட்டது. ஆனால் கீபோர்டின் முதுகில் இருந்த ஐந்து துளை வட்டச் சாக்கெட்டை அதில் செருக இடமே இல்லை. பிறகுதான் அந்தச் சாக்கெட்டின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ஆர்மோனியத்துக்கு 1842ல் பாரிஸில் காப்புரிமை பெற்றவர் அலெக்சாந்தர் தெபேன். அதில் கட்டையும் நாதமும் ஒரே பெட்டிக்குள். மின்னணுக் கருவிகள் வந்தபோது இரண்டும் பிரிந்தன. ஆனால் ஒரு கம்பெனியின் கருவி சொல்வது இன்னொரு கம்பெனியின் கருவிக்குப் புரியவில்லை.

அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானில் ரோலண்ட் கம்பெனியை நிறுவிய இகுதாரோ காகேஹாஷியும் பொது மொழி வேண்டும் என்று முன்நின்றார்கள். அதுவே மிடி. 1983 ஜனவரியில் அமெரிக்கக் கண்காட்சி ஒன்றில் இருவரின் கருவிகளையும் ஒரு ஒயரால் இணைத்துக் காட்டினார்கள். உரிமைக் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார்கள். 2013ல் இருவருக்கும் கிராமி விருது கிடைத்தது.

அந்த ஒயரில் ஓடுவது சத்தம் அல்ல. எங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால் அது ஒரு குறிப்புச் சீட்டு. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போது விட்டாய், அவ்வளவுதான். சீட்டைப் படித்து நாதம் எழுப்புவது மறுமுனையின் வேலை. வினாடிக்கு 31,250 துணுக்குகள் வேகத்தில் செல்வதால் ஒரு சீட்டு போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மில்லி வினாடி போதும்.

1981ல் வந்த ஐ.பி.எம். கம்ப்யூட்டருக்கு 'பீப்' போடத்தான் தெரியும். 1987ல் கனடாவின் கியூபெக்கில், இசைப் பேராசிரியராக இருந்த மார்த்தேன் பிரெவேல் 'ஆட் லிப்' கார்டைக் கொண்டு வந்தார். என்னைப் போலப் பிரெஞ்சு பேசுபவர் என்று எனக்கு ஒரு பெருமை. ஆனால் அதில் மிடிக்கு வாசல் இல்லை. 1989ல் சிங்கப்பூரின் சிம் வோங் ஹூ கொண்டு வந்த 'சவுண்டு பிளாஸ்டர்' அதே யமஹா சில்லை வைத்துக்கொண்டே, பேச்சொலியையும் விளையாட்டுக் கைப்பிடிக்கான 15 ஊசிச் சாக்கெட்டையும் சேர்த்தது. தனி ஒயர் வாங்கிச் செருகினால் அந்தச் சாக்கெட் வழியாகவே மிடியும் போகும். ஆட் லிப் 1992ல் திவாலானது.

நம் பக்கத்திலும் அதே காலம்தான். 1986ல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியைப் பயன்படுத்தினார். 1992ல் 'ரோஜா' வந்தது. அதற்குப் பிறகு எங்கள் ஊர்ப்பக்க மெல்லிசைக் குழுவிலும் கீபோர்டு இல்லாமல் மேடை இல்லை என்றாயிற்று. தம்பியும் அப்போதுதான் வாங்கினான்.

பிற்காலக் கம்ப்யூட்டர்களில் அந்த 15 ஊசிச் சாக்கெட் மறைந்து, யு.எஸ்.பி. வந்தது. நான் ஏமாந்தது இங்கேதான். சவுண்டு கார்டில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, இரண்டு விஷயங்களை. ஒன்று, மிடிக்கு வாசல் உண்டா? இரண்டு, கட்டையைத் தொட்டதும் தாமதமின்றி நாதம் வருமா? வாசல் மட்டும்தான் குறை என்றால் கார்டை மாற்றவே வேண்டாம், ஒரு யு.எஸ்.பி. மிடி ஒயர் போதும்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் அந்த ஒயரை வாங்கினேன். கீபோர்டின் 'அவுட்' கம்ப்யூட்டரின் 'இன்'னுக்குப் போக வேண்டும். இங்கே டெஸ்பாட்ச், அங்கே இன்வேர்டு. முதலில் மாற்றிச் செருகிவிட்டு அரை மணி நேரம் முழித்தேன். சரியாகச் செருகியதும் பேரன் ஒரு கட்டையை அழுத்தினான். கம்ப்யூட்டரிலிருந்து பியானோ நாதம் வந்தது. இரும்புக்குப் போடச் சொன்னவன் ராத்திரி பத்து மணிவரை எழுந்திருக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய கீபோர்டு இருக்கலாம். தூக்கிப் போடுமுன் அதன் முதுகை ஒருமுறை பாருங்கள்.