நடந்து போற தூரம்

1924இல் சென்னை மாகாணச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தைப் பலரும் மறந்துபோனார்கள். எந்த ஊரிலும் எந்தப் பொதுத்தெருவிலும் யாரும் நடக்கலாம், பொதுக்கிணற்றையும் அரசு அலுவலகத்தையும் மற்றவர்களைப் போலவே பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அரசும் ஏற்று ஆணை போட்டது. காலால் நடப்பதற்கு ஒரு சட்டசபை கூட வேண்டியிருந்தது. இன்றைக்கு வீட்டுத் தரகர் "எல்லாமே நடந்து போற தூரந்தான்" என்று சொல்லும்போது எனக்கு இந்த வரலாறுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சுற்றி வளர்ந்த ஊர். 1792இல் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்குப் போனது. 1866இல் நகராட்சி, 1875இல் ரயில். தோல் ஷாப்புகளால் ஊருக்குக் காசு வந்தது. சுண்ணாம்புத் தொட்டியில் யாருடைய கைகால் வெந்தது என்று இந்த இதழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாகல் நகர், ரயிலடிப் பக்கம், சௌராஷ்டிர நெசவாளர்கள் தறிபோட்டு வளர்த்த பகுதி. எங்கிருந்தோ வந்தவர்களுக்கு ஊருக்குள் இடம் இருந்தது, இங்கேயே கிடந்து உழைத்தவர்களுக்கு ஊருக்கு வெளியே. நெசவாளர்கள் மேல் சொல்லும் குறையில்லை இது. ஊர் என்பதே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

அங்கேதான் நாங்கள் வீடு தேடினோம். அம்மாவுக்கு மூட்டுவலி. மருந்துக்கடை, காய்கறி, ரயில் எல்லாம் பக்கத்தில் வேண்டும். பழைய ஓட்டு வீடு ஒன்று பிடித்திருந்தது, விலையும் பேசினோம். தரகர் கேட்டார்:

"உங்களுக்குச் சொந்த ஊரு எதுக்கா?"

சொன்னேன்.

"ஊருல எந்தத் தெரு?"

அதையும் சொன்னேன். "வீட்டுக்காரர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்" என்று போனவர் மறுநாள் போனில், "பையன் வெளிநாட்டுலருந்து வர்றானாம்க்கா, விக்கலையாம்" என்றார். 'வீடு விற்பனைக்கு' போர்டு அதற்குப் பிறகும் மூணு மாசம் தொங்கியது. அந்த வீட்டுக்காரர் என்ன சாதி என்று நான் எழுதப்போவதில்லை. எந்தச் சாதிக்காரராக இருந்தாலும் அந்தக் கேள்வி அதேதான்.

அமெரிக்காவில் கறுப்பர்களுக்கு விற்கக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதினார்கள். எழுதியதால், 1948இல் அதை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் சொல்ல முடிந்தது. நம்ம உச்ச நீதிமன்றமோ 2005இல், அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டும் என்றிருந்த வீட்டுவசதிச் சங்க விதியைச் செல்லும் என்றது. நம்மூரில் விதிகூட வேண்டாம், தெருப்பேர் போதும்.

1998இல் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறந்தார்கள். நூறு வீட்டில் நாற்பது தலித்துகளுக்கு. நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் புதிதாக ஒரு நிலம் தேவைப்பட்டது. பழைய தெரு ஒன்றில் நாற்பது வீடு கொடுங்கள் என்று எந்த அரசும் கேட்டதில்லை. நாங்களும் கடைசியில் பைபாஸைத் தாண்டி பிளாட்தான் வாங்கினோம். பிளாட் போடுகிறவன் சாதி கேட்பதில்லை, பணத்தை மட்டும்தான் எண்ணுகிறான். அம்மா மருந்துக்கு ஆட்டோவில் போகிறாள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976 திருத்தத்துக்குப் பிறகு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 4ஆம் பிரிவில் எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டுவது, வாங்குவது, குடியிருப்பது எல்லாம் வெளிப்படையாகவே இருக்கிறது. தீண்டாமையின் பேரில் தடுத்தால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, நூறு முதல் ஐந்நூறு ரூபாய் அபராதம். தரகர் வாயால் "முடியாது" என்று சொல்வதே இல்லை, அதுதான் சிக்கல். ஆனாலும் 12ஆம் பிரிவைத் தோழர்கள் படிக்கவேண்டும். பட்டியல் சாதியாருக்கு எதிராக அந்தக் குற்றம் நடந்தது என்று நிலைநாட்டிவிட்டால், தீண்டாமைதான் காரணம் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும், இல்லையென்று மெய்ப்பிப்பது எதிர்த்தரப்பு பொறுப்பு.

அதனால் இப்படி வீடு கேட்டுத் திரும்பியவர்கள் தேதி, தெரு, கேட்ட கேள்வி, சொன்ன சாக்கு, போர்டு எத்தனை நாள் தொங்கியது என்பதையெல்லாம் எழுதிவையுங்கள். போர்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நாகல் நகரில் என்னுடையது ஒன்று எழுதிவைத்தாயிற்று.