கடலுக்கு இட்ட வேலி

வேலியே பயிரை மேய்ந்த கதையை நம் பழமொழி பேசும். ஆனால், அந்த வேலியையே ஒரு புழு மேய்ந்துவிட்டால்? அதுவும் வயலுக்கு இட்ட முள்வேலியை அல்ல. ஒரு நாட்டையே கடலின் வாயிலிருந்து காத்து நின்ற வேலியை!

கற்பனையன்று தோழர்களே, வரலாறு! 1658 முதல் 1781 வரை நம் நாகப்பட்டினத்தைத் தம் பிடியில் வைத்திருந்தனரே டச்சுக்காரர், அவர்தம் தாயகத்தில் நடந்தது. நம் கரையிலே கோட்டை கட்டிக் கொடி நாட்டியவர்கள், தங்கள் கரையிலே ஒரு புழுவைக் கண்டு கலங்கி நின்ற காலம் அது.

நெதர்லாந்து என்ற பெயருக்கே தாழ்நிலம் என்பதுதான் பொருள். அந்நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. தொடக்கத்தில் மண்மேடு எழுப்பி, மேட்டின்மீது குடியிருந்தனர் அம்மக்கள். பின்னர் நீண்ட கரைகள் எழுந்தன. மேற்கு ஃபிரீசுலாந்தைச் சுற்றி 13ஆம் நூற்றாண்டில் இணைக்கப்பட்ட கரையின் நீளம் 126 கிலோமீட்டர்!

தனி ஒருவன் ஆக்கக்கூடியதா அது? ஒருவன் பங்கு பழுதானாலும் ஊர் முழுவதும் மூழ்குமே! ஆகவே, நிலம் உடையவனுக்குக் கரையிலும் பங்கு உண்டு, பங்கைப் பேணுவது அவன் கடமை என்று விதித்தனர். பேண முடியாதவன், தன் மண்வெட்டியைக் கரையிலே நட்டுவிட்டு நிலத்தைத் துறந்து போகவேண்டும். அந்த மண்வெட்டியைப் பிடுங்கி எடுப்பவனுக்கே நிலம். அதனுடன் கரைப் பொறுப்பும் அவனுக்கே! கடுமையான சட்டந்தான். ஆனால், கடல் அதனினும் கடுமையானதாயிற்றே!

அக்கரையை எதனால் ஆக்கினர்? களிமண்ணால் உடல், அதன் கடல்முகத்திலே கடற்புல்லை அடுக்கி அழுத்திய மெத்தை, மெத்தை சரியாதிருக்க வரிசை வரிசையாக அறையப்பட்ட மரத்தூண்கள். இந்த மரத்திலேதான் புகுந்தது புழு.

1730களின் தொடக்கத்தில் சீலாந்துக் கரையிலும், மேற்கு ஃபிரீசுலாந்திலும் அதன் அழிவு வேலை அம்பலமாயிற்று. வெளித்தோற்றத்தில் உறுதியான தூண். உள்ளே தேன்கூடுபோல் துளைகள்! நுண்ணிய துளை வழியே இளம்பருவத்தில் நுழைந்து, மரத்துக்குள்ளேயே வளர்ந்து, மரத்தையே குடையும் உயிர் அது. அலை மோதியதும் தூண்கள் முறிந்தன. மக்கள் நடுங்கினர்.

அவ்வேளையில் இரண்டு குரல்கள் எழுந்தன.

'ஆண்டவன் அனுப்பிய தண்டனை!' என்றது ஒரு குரல். மேடைதோறும் பாதிரிமார் முழங்கினர். வேண்டுதல் நாட்கள் நடந்தன. யார் செய்த பாவம் என்று தேடினர். 1730 முதற்கொண்டு தன்பாலுறவுக் குற்றம் சாட்டிப் பலரை வேட்டையாடிக் கொன்றிருந்தது அந்நாடு. அவர்தம் பாவமே புழுவாய் வந்தது என்றும் பேசினர் சிலர். புழு குடைந்தது மரத்தை. மடமை குடைந்தது மனித மனத்தை! கொலையுண்டவர்களின் குருதியால் ஒரு தூணேனும் உறுதி பெற்றதா?

மற்றொரு குரல், 'இது என்ன உயிர்?' என்று கேட்டது. செல்லியஸ் என்னும் அறிஞர் அதனை ஆராய்ந்து 1733இல் நூல் வெளியிட்டார். புழுவென்று ஊர் அழைத்தது உண்மையில் சிப்பி, நத்தை ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது என்று காட்டினார். தூணில் ஆணிகளை நெருக்கி அறைந்து பார்த்தனர் சிலர். நச்சுக் குழம்பு பூசிப் பார்த்தனர் வேறு சிலர். பின்னர் வேறொரு வழி பிறந்தது. மரம் இருந்தால்தானே குடைவதற்கு? மரத்தை விடுத்து, கரையைக் கடல் நோக்கிச் சரிவாக்கி, அதன்மேல் கல் பாவினால் என்ன?

அதன் நுட்பம் எளியது. செங்குத்தான சுவரில் அலை தன் முழு வலிமையோடு மோதும், அடிமண்ணையும் அரிக்கும். சரிவிலோ, ஏறி ஏறித் தளர்ந்து திரும்பும். புழுவுக்கு மருந்து தேடப் போனவர்கள், அலைக்கும் மருந்து கண்டனர்!

ஆனால், கல்லே அரிதான நாடு அது. கடல் கடந்தும் கல் வந்தது. பெருஞ்செலவு, பல பத்தாண்டு உழைப்பு. கற்களுக்காகப் பழங்காலப் பெருங்கற் சின்னங்களையே மக்கள் பெயர்க்கத் தொடங்கவே, டிரெந்தே மாநிலம் 1734இல் அவற்றைக் காக்க ஆணை பிறப்பிக்க நேர்ந்தது.

அத்தோடு முடிந்ததா போராட்டம்? இல்லை. 1953 பிப்ரவரி முதல் நாள், புயலும் பெருவேலியேற்றமும் ஒன்றுசேர்ந்து கரைகளை உடைத்தன. 1,836 உயிர்கள் மாண்டன. கரைகள் தாழ்வானவை என்று வான் வீன் என்னும் பொறியாளர் பல ஆண்டுகளாகவே எச்சரித்து வந்தார். அறிவு பேசியது, ஆட்சி செவிமடுக்கத் தாமதித்தது. 1958இல் டெல்டாச் சட்டம் வந்தது. 1986இல், புயல் நாளில் மட்டும் மூடும் 62 எஃகுக் கதவுகளோடு கிழக்கு ஷெல்ட் தடுப்பணை திறக்கப்பட்டது. மீனவரும் இயற்கை ஆர்வலரும் வாதாடியதால்தான், முழுச் சுவராக எழவேண்டியது கதவுகளாக மாறியது.

வெள்ளம் புகும் வேளையில் வாசலில் மணல்மூட்டை அடுக்குகிறோம் நாம். அடுக்கத்தான் வேண்டும். ஆனால், நீர் எவ்வழியே வந்தது, நம் வாசலில் தடுத்த நீர் எவர் வாசலுக்குப் போகும் என்று கேட்கிறோமா? அந்தக் கேள்விதான் முதல் வேலி. யார் பாவம் என்று கேட்டவன் கொலைமரம் நட்டான். என்ன காரணம் என்று கேட்டவன் கரை கட்டினான்.

நாம் எதைக் கேட்கப் போகிறோம்?