மூன்றாவது நாடா

கரையை உடலோடு கோத்து நெய்யும் காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையின் பயணம் பெரும்பாலும் கர்நாடகத்தில் தொடங்குகிறது. ராமநகரம், சிட்லகட்டா பக்கம் கூட்டிலிருந்து இழுத்த பட்டு நூல் முறுக்கேறி, காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறைக்கு வரும். சரிகை சூரத்திலிருந்து வரும். சாயம் காய்ந்த நூலைப் பாவாக்கி, விடியற்காலையில் பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளின் தெருக்களில் நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுவார்கள். ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று சேலை. வெயில் ஏறுவதற்குள் அறுந்த இழையையெல்லாம் பிணைத்தாக வேண்டும். அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து கைகொடுத்தால்தான் முடியும்.

கம்பெனி பஸ் வருவதும் அந்த நேரத்தில்தான். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை ஓடத் தொடங்கியது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசி ஆலை வந்தது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் சீருடை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். தெருவில் பாவு பிடிக்க ஆள் குறைந்தது.

பாவு தறிக்குப் போன பிறகுதான் இழப்பு எவ்வளவு என்பது தெரியும். கோர்வையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று, உடலுக்கு ஒன்று என, குறுக்கு இழையான ஊடையைக் கொண்டுபோகும் நாடா மூன்று. குழித்தறியில் இருப்பவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் எதிர் ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, வந்த நாடாவை வாங்கி, கரை ஊடையை உடல் ஊடையோடு கோத்துத் திருப்பித் தர வேண்டும். ஒவ்வொரு ஊடைக்கும் இதே வேலை.

அந்த எதிர் ஓரத்தில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தது சிறுவர்கள்தான். அப்பா முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்காகப் பள்ளிக்கூடம் போகாமல் நாடா தள்ளிய பிள்ளைகள் உண்டு. 1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், பின்னால் வந்த இயக்கங்களும் அவர்களை மெல்ல மெல்ல வகுப்பறைக்கு அனுப்பின. அப்படிப் படித்த பிள்ளை மாதச் சம்பளம் தேடிப் போனதை நான் குறையாகவே நினைக்க மாட்டேன். கடனைக் காட்டிக் காப்பாற்ற வேண்டிய கலை எதுவும் கிடையாது.

பாரசீக வளைகுடாக் கரையிலும் கடனோடு பிணைந்த ஒரு தொழில் இப்படிக் கலைந்திருக்கிறது. பஹ்ரைனிலும் குவைத்திலும் முத்துக்குளித்தவர்கள் நகூதா என்ற படகுத் தலைவரிடம் முன்பணம் வாங்கிக் கடலில் இறங்கினார்கள். அப்பன் பட்ட கடன் மகன் தலையில் விழுந்த காலமும் இருந்தது. ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் அந்தத் தொழிலை முறித்தன. 1932-இல் பஹ்ரைனில் எண்ணெய் கிடைத்ததும் முத்துக்குளித்தவர்களில் பலர் எண்ணெய்க் கம்பெனிக் கூலிக்குப் போனார்கள். கடன் அறுந்தது, அதோடு படகும் கடற்பாட்டும் கூடிச் செய்யும் உழைப்பும் போயின. பின்னாளில் எண்ணெய்ப் பணத்தால் அரசுகள் தம் மக்களுக்கு வீடு, பள்ளி, வேலை கொடுத்தன. அப்படி ஒரு பின்பலம் நம் நெசவாளர் வீட்டுக்கு இல்லை. 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடியபோது வேலை இழந்த பிள்ளைகளுக்குத் திரும்பிப் போகத் தறிதான் இருந்தது. அதில் கிடைக்கும் கூலியோ அவர்களை முதலில் வெளியே அனுப்பிய அதே கூலி.

இன்று எதிர் ஓரத்தில் பெரும்பாலும் மனைவி உட்கார்கிறார். அடுப்பையும் பார்த்து, தார் சுற்றி, நாடாவும் தள்ளுகிறார். கூலி ஒரு சேலைக்கு இவ்வளவு என்று கணவர் கணக்கில் வரும். மனைவியின் உழைப்புக்கு அந்தக் கணக்கில் தனி வரி கிடையாது. அப்படி ஆள் இல்லாத வீடுகள் கோர்வையை விட்டுவிட்டு, ஒருவரே நெய்யக்கூடிய சேலைக்கு மாறிவிட்டன. 2005-இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காவல் வந்தது, எதிர் ஓரத்துக்கு ஆள் வரவில்லை. கூட்டுறவுச் சங்கங்கள் கோர்வைக்கு இரண்டு பேர் கூலியென்று தனித்தனியாக எழுதி, இருவர் கையிலும் கொடுக்க வேண்டும். சேலை விலை அதனால் ஏறினால் ஏறட்டும்.

நெய்து முடித்த சேலை காஞ்சிபுரம் காந்தி ரோட்டுக் கடைகளுக்குப் போகிறது. வாங்க வருபவர்கள் சரிகையைத்தான் விசாரிக்கிறார்கள். சேலையைப் புரட்டி, கரையும் உடலும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். கோர்வையென்றால் அந்த இணைப்பு கைக்குத் தட்டுப்படும். இதை இரண்டு பேர் நெய்தார்களா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். இருவருக்கும் கூலி போனதா என்றும் கேளுங்கள்.