ஆங்கிலத்தில் இன்பினிட்டிவும் ஜெரண்டும்

ஆங்கில வினைச்சொல், எழுவாய்க்கு ஏற்ப வடிவம் மாறாமலும் வாக்கியத்தை முடிக்காமலும் வேறொரு சொல்லைச் சார்ந்து நிற்கும்போது கொள்ளும் வடிவங்களுள் இன்பினிட்டிவும் ஜெரண்டும் முதன்மையானவை. 'ரீட்' என்னும் வினைக்கு 'டு ரீட்' என்பது இன்பினிட்டிவ். 'ரீடிங்' என்பது ஜெரண்ட். வரம்பற்றது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்த 'இன்பினிட்டிவ்' என்னும் பெயர், தன்மை முன்னிலை படர்க்கை என்ற இடமும் ஒருமை பன்மையும் இவ்வடிவத்தைக் கட்டுப்படுத்துவதில்லை என்பதைக் குறிக்கும். தமிழில் 'படிக்க' என்னும் செயவென் எச்சம் முன்னதற்கும், 'படித்தல்', 'படிப்பது' என்னும் தொழிற்பெயர்கள் பின்னதற்கும் பெரும்பாலும் ஒத்து வருகின்றன. 'ஹீ இஸ் ரீடிங்' என்பதிலுள்ள 'ரீடிங்' உருவத்தில் ஜெரண்டைப் போலவே இருப்பினும், அது பெயரின் வேலையைச் செய்யாமல் நடந்துகொண்டிருக்கும் செயலைக் காட்டுவதால் பார்ட்டிசிப்பிள் எனப் பிரித்துச் சொல்லப்படும்.

இவ்விரு வடிவங்களின் குணமும் அவற்றின் பிறப்பிலேயே இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இன்பினிட்டிவ் 'அன்' என்னும் ஈற்றைப் பெற்றது. 'குடிக்க' என்பதற்கு 'ட்ரிங்கன்' என்றனர். ஒரு நோக்கத்தைச் சுட்ட வேண்டியபோது, திசையைக் காட்டும் 'டு' என்னும் முன்னிடைச்சொல்லை முன்னே வைத்து, நான்காம் வேற்றுமையை ஒத்த வேறோர் ஈற்றை வினைக்குக் கொடுத்தனர். இடைக்கால ஆங்கிலத்தில் ஈறுகள் தேய்ந்து மறைந்தபின், 'டு' மட்டும் இன்பினிட்டிவின் அடையாளமாக எஞ்சியது. ஜெரண்டோ 'உங்', 'இங்' என முடிந்த பழைய தொழிற்பெயரின் வழிவந்தது. 'எண்டே' என்னும் வேறொரு ஈற்றைக் கொண்டிருந்த பார்ட்டிசிப்பிளும் பிற்காலத்தில் 'இங்' வடிவத்துக்கு மாறியதால்தான் இன்றைய குழப்பம் நேர்ந்தது. ஆக, ஒன்று எதையோ நோக்கிச் செல்லும் சொல்லாகவும் மற்றொன்று செயலைப் பொருளாக்கி முன்னே வைக்கும் சொல்லாகவும் தோன்றின.

'வான்ட்', 'ஹோப்', 'டிசைட்', 'பிராமிஸ்', 'ரெஃப்யூஸ்' போன்ற, இனி நடக்க வேண்டியதை நோக்கும் வினைகள் இன்பினிட்டிவைக் கொள்வதும், 'என்ஜாய்', 'ஃபினிஷ்', 'அட்மிட்', 'டினை' போன்ற, நடந்ததையோ நடப்பதையோ பற்றிப் பேசும் வினைகள் ஜெரண்டைக் கொள்வதும் இதனோடு பொருந்துகின்றன. அமெரிக்க மொழியியலாளர் டுவைட் பாலிஞ்சர் 1968இல் இதையொட்டிய பொருள் வேறுபாட்டை வலியுறுத்தினார். ஆயினும் இது வழிகாட்டியே தவிர விதியன்று: 'சஜஸ்ட்', 'அவாய்ட்', 'போஸ்ட்போன்' ஆகியவை நடவாத செயலைப் பற்றியவையாக இருந்தும் ஜெரண்டையே ஏற்கின்றன, 'மேனேஜ்' செய்து முடித்த செயலைச் சொன்னாலும் இன்பினிட்டிவையே கேட்கிறது. 'போகலாம் என்று அவர் யோசனை சொன்னார்' என்பதைத் தமிழர் பலர் 'ஹீ சஜஸ்டட் டு கோ' என எழுதுவது பிழை. 'ஹீ சஜஸ்டட் கோயிங்' என்பதே சரி.

இரு வடிவங்களையும் ஏற்று, ஏற்கும் வடிவத்துக்கேற்பப் பொருள் மாறும் வினைகளே கற்போர் மிகுந்த கவனம் செலுத்த வேண்டியவை. இவற்றுள் பலவற்றுக்குத் தமிழே நல்ல விளக்கம் தருகிறது. 'ஹீ ஸ்டாப்டு ஸ்மோக்கிங்' என்றால் புகைப்பதை நிறுத்தினான். 'ஹீ ஸ்டாப்டு டு ஸ்மோக்' என்றால் புகைக்க நின்றான். பின்னதில் இன்பினிட்டிவ் 'ஸ்டாப்' என்பதன் செயப்படுபொருளே அன்று, நோக்கத்தைக் கூறும் தனித்தொடர் என்பதை இலக்கண நூல்கள் பல விளக்காமல் விடுகின்றன. 'ரிமெம்பர் லாக்கிங்' என்பது கதவைப் பூட்டியது நினைவிருப்பதையும், 'ரிமெம்பர் டு லாக்' என்பது பூட்ட மறவாதிருப்பதையும் குறிக்கும். 'டிரை டு ஓப்பன்' என்றால் திறக்க முயல்தல். 'டிரை ஓப்பனிங்' என்றால் திறந்து பார்த்தல், அதாவது திறந்தால் பயன் உண்டா எனச் சோதித்தல். 'பார்' என்னும் துணைவினையைக் கொண்டு தமிழ் எளிதாகக் காட்டும் இவ்வேறுபாட்டை ஆங்கிலம் வினை வடிவத்தால் காட்டுகிறது. 'ரிக்ரெட் டு இன்ஃபார்ம்' என்பது கெட்ட செய்தி சொல்லவிருக்கும் அலுவலகக் கடிதத்தின் நடை. 'ரிக்ரெட் இன்ஃபார்மிங்' என்றால் முன்பே சொல்லிவிட்டதற்காக வருந்துதல். 'பிகின்', 'ஸ்டார்ட்', 'கன்டின்யூ' ஆகியவற்றில் எதை எழுதினாலும் பொருள் பெரிதும் மாறுவதில்லை.

'இன்', 'ஆஃப்', 'அட்' முதலிய முன்னிடைச்சொற்களுக்குப் பின் வினை வந்தால் ஜெரண்டே வர வேண்டும்: 'இன்ட்ரஸ்டட் இன் லேர்னிங்', 'குட் அட் சிங்கிங்'. இடறும் இடம் 'டு' தான். ஏனெனில் அதன் பழைய முன்னிடைச்சொல் வாழ்வும் இன்னும் முடியவில்லை. 'லுக் ஃபார்வர்ட் டு', 'அப்ஜெக்ட் டு' என்பவற்றில் அது முன்னிடைச்சொல்லாதலால் 'லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' என்றே எழுத வேண்டும். அந்த இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பார்த்து, பொருந்தினால் ஜெரண்டைத் தேர்வது எளிய சோதனை. 'ஐ யூஸ்டு டு வாக்' முன்பிருந்த வழக்கத்தையும், 'ஐ ஆம் யூஸ்டு டு வாக்கிங்' நடந்து பழகியிருப்பதையும் சொல்லும். மாறாக, 'படிப்பதற்கு வந்தேன்' என்னும் தமிழ்த்தொடரின் நான்காம் வேற்றுமையை அப்படியே கொண்டு 'ஐ கேம் ஃபார் ஸ்டடியிங்' என எழுதுவது வழு. வந்த நோக்கத்தைச் சொல்ல 'ஐ கேம் டு ஸ்டடி' என்பதே ஆங்கில மரபு.

'கேன்', 'மஸ்ட்' போன்ற துணைவினைகளுக்குப் பின்னும், 'லெட்', 'மேக்' ஆகியவற்றுக்குப் பின்னும் 'டு' இல்லாத இன்பினிட்டிவ் வரும். ஆனால் 'மேக்' செயப்பாட்டு வினையானால் 'டு' திரும்பிவிடும்: 'ஹீ வாஸ் மேட் டு வெயிட்'.

'டு'வுக்கும் வினைக்கும் இடையே வேறு சொல் வரலாகாது என்ற தடையை ஹென்றி ஆல்ஃபோர்ட் 1864இல் வெளிவந்த தம் நூலில் ஆதரித்தார். எழுதுவோரை வீணே அச்சுறுத்தியதைத் தவிர அத்தடை செய்தது குறைவு. 'ஹிஸ் கமிங்' என்று உடைமை வடிவில்தான் எழுத வேண்டுமா, 'ஹிம் கமிங்' என்றும் எழுதலாமா என்ற வழக்கில் ஆங்கில அகராதியாசிரியர் எச். டபிள்யூ. ஃபௌலர் முன்னதையே ஏற்றார். டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் அதை மறுத்தார். இன்று இரண்டும் வழங்குகின்றன. முறையான எழுத்தில் முன்னதற்கே மதிப்பு மிகுதி. 2002இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணமோ ஜெரண்டையும் பார்ட்டிசிப்பிளையும் பிரிப்பதையே கைவிட்டு, இரண்டுக்கும் ஒரே கூட்டுப்பெயரை வைத்தது.

எந்த வினை எதைக் கொள்ளும் என்பதைச் சொல்லுக்குச் சொல் குறித்துக் காட்டும் முறையை, ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, 1942இல் டோக்கியோவில் வெளியான தம் அகராதியில் விரிவாகக் கையாண்டார். 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் மறுபதிப்பாக வெளியிட்ட அந்நூலின் வழித்தோன்றலே இன்று கற்போர் பயன்படுத்தும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி.