பழைய ஜீப்பில் ஸ்டியரிங் ஆடுதா? பாக்ஸைத் திருகுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

மஹிந்திரா சிஜே 500, எம்எம் 540 போன்ற பழைய 4 வீல் டிரைவ் ஜீப்கள் மலைக்கிராமங்களிலும் எஸ்டேட்களிலும் இன்னும் ஓடுகின்றன. இவற்றில் அடிக்கடி வரும் புகார், "ஸ்டியரிங்ல ஆட்டம் இருக்கு" என்பதுதான். உடனே பலரும் செய்வது, ஸ்டியரிங் பாக்ஸின் ஸ்குரூவை இறுக்குவது. ஆனால், கோளாறு பெரும்பாலும் பாக்ஸுக்கு வெளியேதான் இருக்கும். அதனால் டயரில் ஆரம்பித்து, பாக்ஸைக் கடைசியாகப் பார்ப்பதே சரி.

திருப்பவே கஷ்டமா இருக்கா?

முதலில் 4 வீல் லிவரைப் பாருங்கள். வளைவில் முன் சக்கரங்கள், பின் சக்கரங்களைவிட அதிக தூரம் உருளும். இந்த ஜீப்களில் 4 வீல் போட்டால் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். மண், சேற்றில் டயர் வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். தார் ரோட்டில் அது முடியாது. எனவே ஸ்டியரிங் இறுகும். இது கோளாறு இல்லை, லிவரை 2 வீலுக்கு மாற்றினால் போதும். அப்படியும் இறுக்கம் இருந்தால் டயர் காற்று, கிங் பின் கிரீஸ் இரண்டையும் பாருங்கள்.

ஆட்டம் எங்கே? 2 பேர் போதும்

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக அசைக்க வேண்டும். இன்னொருவர் டிராக் லிங்க், டை ராடு எண்ட் என ஒவ்வொரு இணைப்பாகக் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நின்றால், தேய்ந்தது அந்த இணைப்புதான்.

சேஸிஸில் பாக்ஸ் மாட்டியிருக்கும் இடத்தையும் பாருங்கள். அங்கே போல்ட் லூஸாக இருக்கலாம், விரிசலும் விட்டிருக்கலாம். விரிசல் தெரிந்தால் வண்டியை ஓட்டவே கூடாது.

கிங் பின்னா, வீல் பேரிங்கா?

முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸிலுக்குக் கீழே ஸ்டாண்டு கொடுங்கள். டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள்.

• ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங்.
• அப்போதும் ஆடினால் கிங் பின் பேரிங்.

குழியில் இறங்கியதும் உதறுதா?

குறிப்பிட்ட வேகத்தில் குழியில் விழுந்ததும் 2 முன் சக்கரங்களும் பயங்கரமாக உதறும். தேய்ந்த கிங் பின், டை ராடு எண்ட், ஸ்பிரிங் பட்டை புஷ், பேலன்ஸ் இல்லாத டயர் ஆகியவை இதற்குக் காரணம். உயரம் கூட்ட ஷேக்கிளை நீளமாக்கினாலும் முன் ஆக்ஸில் கோணம் மாறி உதறல் வரலாம். ஸ்டியரிங் டேம்பர் மாட்டினால் உதறல் அடங்கும், தேய்மானம் அப்படியேதான் இருக்கும்.

ஓடும்போது உதறினால் சட்டென பிரேக் அடிக்காதீங்க. ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை விட்டு வேகத்தைக் குறையுங்கள்.

கடைசியாகத்தான் பாக்ஸ்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் ஆட்டம் இருந்தால் மட்டுமே பாக்ஸைத் தொட வேண்டும். முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், பாக்ஸின் உள்ளே பற்கள் நடுப்பகுதியில்தான் அதிகம் தேயும். எனவே, சக்கரம் நேராக இருக்கும்போது ஸ்குரூவைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அளவு மீறினால், வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேர் நிலைக்குத் திரும்பாது. கொண்டை ஊசி வளைவில் இது ஆபத்து.

இறுக்கியும் ஆட்டம் போகவில்லையா? பாக்ஸைப் பிரித்து, தேய்ந்த பாகத்தை மாற்றுவதுதான் வழி. எந்த வேலை செய்தாலும் அலைன்மெண்ட் பார்த்துவிட்டு, மலை ஏறுவதற்கு முன் சமதளத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.